லோஜி ஓடுது, தண்ணி வரலை

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அது லோஜிதான். நோன்புப் பெருநாளோ தீபாவளியோ, அங்கே மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது போகிறவர், வருகிறவர் கையில் லாக் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு மெஷினின் நிலைமையையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பலாம். "ஒண்ணு ஓடுது. ரெண்டு ரெடி. மூணு படுத்துருச்சி, ஃபிட்டர் நாளைக்கு வர்றாரு." மலாய்க்கார நண்பர்கள் இதையே ஜாலான், செடியா, ரோசாக் என்று எழுதிவிடுவார்கள். மூன்று நிலைமைக்கு மூன்று சொல், குழப்பமே கிடையாது.

மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகிற ஆங்கில அறிக்கையில்தான் வம்பு. அதில் முதல் இரண்டுக்கும் ஒரே சொல்: ஆப்பரேஷனல். ஓடிக்கொண்டிருக்கிற பம்பும் ஆப்பரேஷனல், ஓடாமல் நிற்கிற பம்பும் ஆப்பரேஷனல். ஆறு மாதமாக யாரும் சுவிட்சைத் தொடாத, ஆனால் தொட்டால் ஓடும் என்று எல்லாரும் நம்புகிற பம்பும் அதே கட்டத்தில் அதே சொல்லோடு உட்கார்ந்திருக்கும். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் மல்லுக்கு நின்றது குளோரினோடோ சேற்றோடோ மட்டுமல்ல, இந்தக் கட்டத்தோடும்தான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிம்பாங் ரெங்கம் ஜொகூரில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. வடக்கே ஆயர் ஈத்தாம், மாச்சாப். கிழக்கே லாயாங் லாயாங். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. சுற்றிலும் செம்பனை, அன்னாசித் தோட்டம், கோழிப்பண்ணை. நாட்டின் மற்ற பகுதிக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது தடுப்பு முகாம்தான். 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தில் விசாரணையின்றிப் பிடிபட்டவர்களைக் கொண்டுவந்து அடைத்த இடம். அந்தச் சட்டம் பிறகு ரத்தானாலும் பெயர் போகவில்லை. கோலாலம்பூரில் கல்யாண வீடுகளில் "எங்கே வேலை?" என்று கேட்பார்கள். "சிம்பாங் ரெங்கம்" என்றால், "உள்ளேயா வெளியேயா?" என்று சிரிப்பார்கள். "ஆப்பரேட்டர்" என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் மோசம். மலேசியாவில் 'ஓப்ஸ்' என்றால் போலீஸ் வேட்டை; 1987 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப்போன ஓப்ஸ் லாலாங்கை எங்கள் தலைமுறை மறக்காது. தோட்டத்துக் கிழவிகளுக்கு ஆப்பரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பது. ஆக நான் போலீஸா, டாக்டரா, கைதியா என்று தெரியாமலே பலர் என்னோடு பழகியிருக்கிறார்கள்.

இனி பம்புக்கு வருகிறேன். எந்த லோஜியிலும் ஒரு பம்ப் ஓட, இன்னொன்று துணைக்கு நிற்கும். நிற்கிற பம்புதான் ஆபத்து. ஓடுகிற பம்பில் கோளாறு வந்தால் சத்தம் மாறும், பேரிங் சுடும், ஆம்பியர் முள் ஆடும். காதும் கையும் உள்ள ஆப்பரேட்டர் முன்கூட்டியே பிடித்துவிடுவார். நிற்கிற பம்போ ஒன்றும் சொல்லாது. கிளாண்ட் பேக்கிங் காய்ந்து ஷாப்ட் இறுகிப் போகும். திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்கிற வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஜொகூர் ஈரத்தில் மோட்டார் வைண்டிங் நமத்துப்போய், இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் வைத்துப் பார்த்தால் முள் எழும்பாது. ராத்திரி இரண்டு மணிக்கு முதல் பம்ப் விழும்போதுதான் இரண்டாவது பம்பின் லட்சணம் தெரியவரும்.

இதற்கு மருந்து எளிது, செய்யத்தான் சோம்பல். வாரத்துக்கு ஒருமுறை பம்பை மாற்றி ஓட்ட வேண்டும். ஜெனரேட்டரையும் அப்படித்தான். லோடு ஏற்றாமல் சும்மா பத்து நிமிடம் உறுமவிட்டு, 'ஜெனரேட்டர் சரி' என்று எழுதுவது வழக்கம். உறுமுகிற ஜெனரேட்டர் பம்பை இழுக்கும் என்பதற்கு அது சாட்சியல்ல. நான் மூத்த ஆப்பரேட்டர் ஆனபிறகு, புதிதாக வருகிற பையன்கள் ரெடி என்று எழுதினால் பக்கத்திலேயே, கடைசியாக எந்தத் தேதியில், எவ்வளவு நேரம், எந்த லோடில் ஓடியது என்று எழுதச் சொல்வேன். "அண்ணே, கட்டத்துல இடமே இல்லையே" என்பான் ஒருத்தன். "அப்ப மார்ஜின்ல எழுது தம்பி."

ஃபில்டர் இன்னும் கள்ளத்தனம் செய்யும். ஆற்றுத் தண்ணீருக்கு ஆலம் என்கிற படிகாரம் போட்டு, சேறு கட்டி உட்கார்ந்தபிறகு, மேலே தெளிந்தது மணல் படுக்கை வழியாக இறங்கும். மேலிருந்து பார்த்தால் எல்லா ஃபில்டரும் ஒன்றுபோலத்தான். உள்ளே மணல் அடைபட்டு, தண்ணீர் எங்கோ ஒரு சந்தில் புகுந்து நேராக வெளியேறிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் போகிறது, ஆகவே ஃபில்டர் வேலை செய்கிறது என்று பார்வையாளர் நினைப்பார். வேலை செய்கிறதா என்பதை வெளிவாயில் கலங்கல் எண்தான் சொல்லும். சுத்திகரித்த தண்ணீருக்கு மலேசிய சுகாதார அமைச்சின் எல்லை 5 என்டியு. நாங்கள் ஃபில்டர் வாயில் ஒன்றுக்குக் கீழே வைக்கப் பார்ப்போம். இன்னொன்று, காற்றும் தண்ணீரும் கீழிருந்து அடித்துக் கழுவிய ஃபில்டர்தான் மிகச் சுத்தமானது என்று நினைப்பீர்கள். கழுவி முடித்த முதல் கால்மணி, அரைமணி நேரம் அது விடுகிற தண்ணீர் முன்னைவிடக் கலங்கல். மணல்பரல்களில் ஒரு மெல்லிய படிவு திரும்பப் பிடிக்கும்வரை அதை வெளியேதான் ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் ஃபில்டர் ஓடுகிறது, எந்தப் பழுதும் இல்லை, ஆனால் அதன் தண்ணீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. இந்த நிலைமைக்கு அறிக்கையில் கட்டமே இல்லை.

இதுவரை பேசியது மெஷினைப் பற்றி. மெஷினில் ஒரு குறையும் இல்லாமல் லோஜி நின்ற கதை வேறு. 2017 வாக்கில் தொடங்கி 2019 வரை சிம்பாங் ரெங்கம் மக்கள் அதைப் பலமுறை அனுபவித்தார்கள்.

எங்களுக்கு ஆறு என்றால் சுங்கை பெனுட். மேற்கே ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கும். மழை பெய்தால் தே தாரிக் நிறத்தில் வரும். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். ஆலத்தைக் கூட்டி, ஜார் டெஸ்ட் போட்டுப் பார்த்து, சமாளித்துவிடுவோம். ஆனால் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். முதல் அறிகுறி குளோரினில்தான். வழக்கமான அளவு மருந்து போய்க்கொண்டிருக்கும், மீட்டர் சரியாக இருக்கும், சிலிண்டர் எடை குறைந்துகொண்டே வரும். சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டால் வர வேண்டிய ரோஜா நிறம் வராது. அனுபவமில்லாதவன் குளோரின் மெஷின் கெட்டுப்போச்சு என்று ஃபிட்டருக்குப் போன் அடிப்பான். மெஷின் கெடவில்லை, போட்ட குளோரினை எல்லாம் அம்மோனியா தின்றுவிடுகிறது. உடனே சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரை எடுத்து அம்மோனியா சோதனை போட வேண்டும். பொடியைக் கலந்து கால்மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் பச்சை நிறம் எழும். எவ்வளவு அடர் பச்சையோ அவ்வளவு கெட்ட செய்தி.

எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் உள்ளே எடுக்கக்கூடாது. வெளியிலிருந்து கேட்பவர்கள், "கூடுதலாகக் குளோரின் போட்டால் என்ன?" என்பார்கள். கணக்கைச் சொல்கிறேன். அம்மோனியா நைட்ரஜன் ஒரு மில்லிகிராமை முழுசாக ஒழிக்க நடைமுறையில் எட்டிலிருந்து பத்து மில்லிகிராம் குளோரின் வேண்டும். ஆற்றில் 3 மில்லிகிராம் வந்தால் 24 முதல் 30 வரை போட வேண்டும். சாதாரண நாளில் போடுவது மூன்று மில்லிகிராம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் சுத்திகரிக்கிற லோஜிக்கு அது 30 கிலோ. 900 கிலோ டிரம் ஒன்று ஒரு மாதம் வரும். 27 மில்லிகிராம் போட்டால் நாளைக்கு 270 கிலோ. அதே டிரம் நான்காம் நாள் காலி. அவ்வளவைத் தள்ளக் குளோரினேட்டருக்கே சக்தி கிடையாது. பாதிவழியில் நிறுத்தினால் குளோரமின் வகைகள் உண்டாகி, தண்ணீர் மூக்கில் ஏறும், கண் எரியும். டயாலிசிஸ் செய்துகொள்கிற நோயாளிக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. ஆகவே ஆற்றிலிருந்து இழுக்கிற இன்டேக் பம்பை அணைப்பதுதான் சரியான வேலை. அணைக்க எங்களுக்கு மனசு வராது, ஆனாலும் அணைப்போம்.

அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பது ரகசியமில்லை. ஊருக்குப் பக்கத்துக் குப்பைமேட்டின் கசிவுநீர் என்று அன்றைக்குப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. அழுகிய குப்பையிலிருந்து வடிகிற தண்ணீரில் லிட்டருக்கு ஆயிரம், இரண்டாயிரம் மில்லிகிராம் அம்மோனியா இருப்பது சாதாரணம். 1500 என்று வைத்தால், ஒரு கனமீட்டர் கசிவுநீர் ஆயிரம் கனமீட்டர் நல்ல ஆற்றுநீரை எல்லைக்கே கொண்டுபோய்விடும். 2009ஆம் ஆண்டு விதிகள் குப்பைமேட்டிலிருந்து வெளிவிடும் நீரில் 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கின்றன. விதி தாளில் இருந்தது, அம்மோனியா ஆற்றில் இருந்தது. அடைமழையில் கசிவுக் குளம் நிரம்பி வழிந்தாலும் வரும். வறட்சியில் ஆறு சுருங்கினாலும் அளவு ஏறும். அப்போது எங்கள் தொகுதி எம்.பி. மஸ்லீ மாலிக், நாட்டின் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். அதனால் இந்தச் சின்ன ஊரின் குழாய் நாடாளுமன்றம்வரை பேசப்பட்டது. பேசப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் அலுவலகத்திலிருந்து தினசரி நிலைமை கேட்பார்கள். இன்டேக் பம்ப்: ஆப்பரேஷனல். குளோரினேட்டர்: ஆப்பரேஷனல். ஃபில்டர் எல்லாம்: ஆப்பரேஷனல். எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. எல்லா மெஷினும் எண்ணெய் பூசி, பளபளவென்று, சுவிட்சுக்குக் காத்திருந்தன. ஊரில் மக்கள் வாளியோடு தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தோட்டத்து அம்மா போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, பேப்பர்ல லோஜி நல்லா இருக்குன்னு போட்டிருக்கான். எங்க பைப்புல காத்துதான் வருது. பேத்திக்கு ஸ்கூல் சட்டை துவைக்கணும், என்னத்துல துவைக்கிறது?" நான் அம்மோனியாவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேணாம்யா, எப்ப வரும்னு சொல்லு." அவர் கேட்டதுதான் கேள்வி. என் அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வினையல்ல. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறியபோது, கோத்தா திங்கியில் சிங்கப்பூர் அரசுக்குச் சொந்தமான லோஜியும் நின்றது. 1962 ஒப்பந்தப்படி நாளைக்கு 25 கோடி கேலன்வரை எடுக்க உரிமையுள்ள இடம் அது. பணத்துக்கும் மெஷினுக்கும் பஞ்சமில்லாத நிர்வாகம். ஆறு கெட்டபோது அவர்களும் எங்களைப் போலவே பம்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் யாரோ கொட்டிய கழிவின் நாற்றத்தால் நான்கு லோஜிகள் ஒரே நேரத்தில் நின்றன; ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் இல்லை. அங்கேயும் ஒரு மெஷின்கூடப் பழுதில்லை.

நாற்றத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். அதற்கு மெஷின் கிடையாது, மனித மூக்குதான். சந்தேகத் தண்ணீரில் நாற்றமில்லாத தண்ணீரைக் கலந்துகொண்டே போக வேண்டும். எத்தனை மடங்கு கலந்தபோதும் கடைசியாக நாற்றம் தெரிந்ததோ, அதுதான் அந்தத் தண்ணீரின் நாற்ற எண். ஆய்வுக்கூடத்து கெமிஸ்ட் ஒருவர் இதைக் கற்றுக்கொடுக்கும்போது சொன்னார்: அளக்கிற செய்முறையே இங்கே அளவின் பொருள், செய்முறையை எடுத்துவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1927இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினாராம். நீளம் என்றால் என்ன என்று கேட்காதே, நீளத்தை எப்படி அளக்கிறாய் என்று சொல் என்பது அவர் கட்சி. உயர் அழுத்த ஆராய்ச்சிக்காக 1946இல் நோபல் பரிசு வாங்கியவர். ஆங்கிலத்தில் இந்த மாதிரி வரையறைக்கும் நம்ம 'ஆப்பரேஷனல்'தான் பெயரடை என்று கெமிஸ்ட் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே மட்டும் அந்தச் சொல் எவ்வளவு கறாராக இருக்கிறது! கழிவுநீர் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சும் என்று காட்டுகிற பிஓடி அளவையே பாருங்கள். பல நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளக்கிறார்கள்; மலேசியாவில் செம்பனை ஆலைக் கழிவுக்கு 30 டிகிரியில் மூன்று நாள். எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று சொல்லாமல் பிஓடி எண்ணை யாரும் எழுதமாட்டார்கள். அந்த ஒழுக்கத்தில் பாதி எங்கள் பம்ப் அறிக்கைக்கு வந்திருந்தால் போதும்.

கணக்குப்பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லின் பொருள் வேறு. அவர்களிடம் அது ஓட்டுகிற செலவு: மின்சாரம், ஆலம், சுண்ணாம்பு, குளோரின், எங்கள் ஓவர்டைம். லோஜி நின்ற மாதம் மின்சாரக் கட்டணம் குறைந்துபோய், காகிதத்தில் அது நல்ல மாதமாகத் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

லோஜி திரும்ப ஓடத் தொடங்கிய பிறகுள்ள கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. அம்மோனியா இறங்கி, தொடர்ந்து சில சோதனைகளில் எல்லைக்குள் நின்றபிறகு பம்பைப் போடுவோம். முதல் தண்ணீர் வெளியே போகும். பிறகு சுத்தத் தண்ணீர்த் தொட்டி நிறைய வேண்டும். அங்கிருந்து மேட்டு ரெசர்வாயர். அது ஓரளவு ஏறாமல் வால்வைத் திறந்தால், பள்ளத்தில் இருக்கிற டவுன் கடைகள் முதலில் உறிஞ்சிக்கொள்ளும். காலிக் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும். வேகமாகத் திறந்தால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் வெடிக்கும். மெதுவாகத் திறந்தால் மேட்டு வீடுகளும் லைன் கடைசியில் இருக்கிற தோட்டத்து வீடுகளும் காத்திருக்கும். காலை ஆறு மணிக்கு லோஜி 'ஆப்பரேஷனல்' என்று செய்தி வரும். அந்தத் தோட்டத்து அம்மாவின் பைப்பில் தண்ணீர் சொட்ட மறுநாள் ராத்திரி ஆகலாம். இரண்டு செய்தியும் உண்மை. இடையில் இருக்கிற ஒன்றரை நாளைப் பற்றித்தான் அவர் போன் அடித்துக் கேட்டது.

இன்றைக்கு லோஜியில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு: 'ஆப்பரேஷனல்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடாதீர்கள். எது, எதற்கு, எத்தனை மணியிலிருந்து, எந்த எண்ணோடு என்று சேர்த்து எழுதுங்கள். 'பம்ப் ரெடி, ஆனால் ஆற்றில் அம்மோனியா 2.8, ஆகவே நிறுத்தம்' என்று எழுத ஒரு வரி போதும்; அதைப் படிக்கிற மேலதிகாரிக்கு பம்பைப் பற்றியல்ல, ஆற்றைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: தண்ணீர் தடைபட்டால் லோஜி ஓடுகிறதா என்று கேட்காதீர்கள், ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள். ரெசர்வாயர் எத்தனை அடி ஏறியிருக்கிறது, என் லைனை எப்போது திறப்பீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர் வந்ததும் வீட்டுக்கு வெளியே, மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள தாழ்ந்த குழாயை முதலில் திறந்து, காற்றும் துருக் கலங்கலும் போகும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிறகு மேல்தொட்டி வால்வைத் திறந்துவிடுங்கள்.